ஸ்ரீக்கு இடமில்லை

முந்தின நாள் எழுதியதில் கொஞ்சத்தையாவது அடித்துத் தள்ளாமல் பீட்டர் பசியாறுவதில்லை. பினாங்கில், சூலியா ஸ்திரீட் முனையிலுள்ள சீனர் கோப்பிக் கடையில், சுவரோரத்து வட்ட மேசை காலை வேளைகளில் அவருடையது. இரண்டு ஓரமும் துளை போட்ட நீளமான கணினித் தாளை அதன்மேல் விரிப்பார். ஒரு விரல் வரிவரியாகக் கீழே இறங்கும். விரல் நின்ற இடத்தில் சிவப்புப் பென்சில் பாயும். "இது எதுக்கு? சும்மா திங்குது லா," என்று தாளைப் பார்த்துத் திட்டுவார். இரண்டு வரி போனால் முகம் மலரும். ஒரு பக்கமே போய்விட்டால் ரொட்டிக்குக் கூடுதலாக ஒரு முட்டை சொல்வார். கோப்பியில் மட்டும் சர்க்கரையும் கிடையாது, பாலும் கிடையாது.

தொழில், கடைகளுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுப்பது. கடையில் என்ன சரக்கு இருக்கிறது, யாருக்குச் சம்பளம் எவ்வளவு, எந்தச் சாமான் தீரப்போகிறது என்று சொல்லும் நிரல்கள். கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு கப்பல் கம்பெனியில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். அங்கே அவர் கைக்கு வந்த முதல் கணினியின் நினைவகம் அறுபத்து நாலு கிலோபைட்; பீட்டர் வாயில் அது 'கே'. இந்தக் காலத்துக் கணக்கில் ஒரு சின்னப் படத்துக்குக்கூடக் காணாது. அதற்குள்ளே ஒரு முழுக் கப்பலின் சரக்கையும் அடக்கியவர் பீட்டர். கம்பெனி பினாங்குக் கிளையை மூடியபோது கிடைத்த பணத்தில் ஒரு கணினி வாங்கி, சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார்.

நினைவகம் என்றால் என்னவென்று வாடிக்கைக்காரர்கள் கேட்டால் மேசையைத் தட்டிக் காட்டுவார். "வேலை நடக்கும்போது சாமானை விரிச்சு வைக்கிற எடம், இந்த மேசை மாதிரி. மேசை சின்னதா இருந்தா ஒழுங்கா வேலை பார்ப்பீங்க. பெருசா இருந்தா குப்பை சேர்ப்பீங்க. அவ்ளோதான் லா."

அவருடைய எந்த நிரலும் ஒரு ஃப்ளாப்பி டிஸ்கைத் தாண்டியதில்லை. அந்த டிஸ்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் ஊர்ப் பட்டறைக்கும் தாசேக் கெலுகோர் இரும்புச் சாமான் கடைக்கும் போவார். ஃபெர்ரிப் படகின் என்ஜினில் காந்தம் இருக்கும், டிஸ்கில் உள்ளதை அழித்துவிடும் என்று ஒரு பயம். அதனால் அக்கரை போய்ச் சேரும்வரை வலது கையை நெஞ்சுப் பையின்மேல் வைத்தபடி நிற்பார். தேசிய கீதம் எங்கே பாடுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சிக்கனம் நாக்கிலும் உண்டு. வெளியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தால், "ஏழு மணி. மீன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஏழு மணிக்கு வருகிறேன், வரும்போது மீன் வாங்கி வருகிறேன் என்று அர்த்தம். "ஹலோ சொல்றதுக்கும் மெமரி புடிக்குமா?" என்று மனைவி ஆலிஸ் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து படியிறங்கும்போது, சாமியார் பிரசங்கத்தில் எதெதை எடுத்திருக்கலாம் என்று பீட்டர் சொல்லிக்கொண்டே வருவார். பேசாமல் வரச்சொல்லி ஆலிஸ் முழங்கையால் இடிப்பார்.

ஆலிஸின் வேலையைச் சொன்னால்தான் இந்த வீட்டின் வேடிக்கை புரியும். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே செய்வது கணினி நினைவகச் சில்லு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்து, பூதக்கண்ணாடிக் குழலில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டி ஒட்டி மேலே வந்தவர். புருஷன் ஒவ்வொரு பைட்டாகப் பிடுங்கிப் போடும் பொருளை மனைவி கூடை கூடையாகச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்தால் சண்டை தானாக வரும். இருவருக்கும் அது பிடித்தும் இருந்தது.

"நீங்க இப்படி ஊருல எல்லாரையும் மெமரி வாங்காதேன்னு சொல்லிக்கிட்டிருந்தா, எங்க லைனை மூட வேண்டியதுதான்."

"நீ செய்றத நான் கொறை சொல்லலே. அத வாங்கிட்டுப் போய் என்னா பண்றானுங்கன்னுதான் கேக்குறேன்."

"அரிசி விக்கிறவன், யாரு வீட்டுல எவ்ளோ சோத்தைக் கொட்டுறாங்கன்னு பார்த்துக்கிட்டா நிப்பான்?"

"அதான் லா நான் பார்க்குறேன்!"

தொண்ணூறுகளின் நடுவில் புது விண்டோஸ் வந்தது. கொம்தார் கட்டடத்தில் இருந்த கணினிக் கடைகளெல்லாம் தோரணம் கட்டாத குறை. வாசு என்ற இளைஞர் அங்கே கடை வைத்திருந்தார். அவர் கடைக்குப் போய், பீட்டர் புது இயந்திரத்தை நோட்டம் விட்டார். திரையில் இருந்த பொத்தான்களுக்கெல்லாம் நிழல் விழுந்திருந்தது. வெயிலே இல்லாத இடத்தில் நிழல் எதற்கு என்று கேட்டார்.

"அழகுக்குத்தான் அண்ணே. எட்டு மெகாபைட் மெமரி இருந்தா ஓடும். பதினாறு இருந்தா பறக்கும்."

"நடந்து போற தூரத்துக்கு எதுக்கு தம்பி பறக்கணும்?"

வாசு சிரித்துவிட்டார். ஆனால் பீட்டரின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பறக்கத்தான் ஆசைப்பட்டார்கள். தாசேக் கெலுகோர் கடைக்காரர் புது இயந்திரமும் கடையில் வாங்கிய நிரலுமாக மாறிக்கொண்டார். "உங்களது நல்லாத்தான் ஓடுது அண்ணே. ஆனா கலர் இல்லையே," என்று வருத்தத்தோடுதான் சொன்னார். மாக் மண்டின் பட்டறையிலும் அப்படியே ஒரு பேச்சு அடிபட்டது. பீட்டரின் நெஞ்சுப் பையில் இருந்த டிஸ்குக்கு ஃபெர்ரிப் பயணம் குறைந்துகொண்டே வந்தது.

மிஞ்சியவர்களில் முக்கியமானவர் சீனி முகம்மது. குயின் ஸ்திரீட் பக்கம் அச்சகம் வைத்திருந்தவர். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கடைத் திறப்பு அட்டை எல்லாம் தமிழில் அடிப்பார். கணக்குப் பார்க்க பீட்டரின் நிரல் ஒரு பழைய இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் பீட்டரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். இனி தமிழ் எழுத்தையும் கணினியிலேயே கோக்க வேண்டும். அதற்கான புது இயந்திரத்துக்கு வாசுவிடம் விலை கேட்டிருக்கிறார்.

"வேணாம் அண்ணே," என்றார் பீட்டர் உடனே. "இருக்கிற மிசின்லயே நான் தமிழைக் கொண்டு வர்றேன். ஒரு மெமரியும் வாங்கவேணாம்."

சொன்னதைச் செய்தும் காட்டினார். கட்டம் போட்ட தாளில் அ, ஆ என்று ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தார். சாப்பாட்டு மேசை முழுவதும் தாள். 'ணை' எழுதப் போதுமான அகலம் இல்லையென்று இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தார். 'ழ' சரியாக வளைந்த அன்று ஆலிஸை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். எல்லா எழுத்தும் வரைந்து முடிக்குமுன்பே பழைய இயந்திரத்தின் இடம் முடிந்துபோனது. பீட்டர் அசரவில்லை. காலைக் கோப்பிக் கடையில் சிவப்புப் பென்சிலை எடுத்தார். 'ங'வின் குடும்பத்தில் யாரும் தேடாத எழுத்துகள் முதலில் போயின. தமிழ் எண்கள் போயின. சீனி முகம்மதின் வாடிக்கையில் ஹாஜிமார் நிறையப் பேர் என்பதால் 'ஹ'வும் 'ஜ'வும் பிழைத்தன. கடைசியாகப் பென்சில் 'ஸ்ரீ'யின்மேல் வந்து நின்றது. ஓர் எழுத்து இரண்டு எழுத்தின் இடத்தை அடைத்துக்கொண்டு, மேலே கொம்பும் கீழே சுழியுமாக உட்கார்ந்திருந்தது. யாராவது 'ஸ்ரீ' போட்டால் தானாகவே 'சிறி' என்று மாற்றிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதினார். "ரெண்டும் ஒரே சத்தம்தானே. யாரு வந்து கேக்கப்போறா?"

அச்சகத்தில் முதல் பத்திரிகை வெளிவந்தபோது சீனி முகம்மது தட்டு நிறைய அல்வா வரவழைத்தார். பீட்டர் ஒரு துண்டை எடுத்து, அதிலும் பாதியைத் தட்டில் திருப்பி வைத்தார். நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது. அதன்பிறகு பல கல்யாணங்கள் பீட்டரின் புள்ளி எழுத்தில் நடந்தேறின. யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீஸ்கந்தராஜா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம்; ஆஸ்பத்திரி அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வள்ளிநாயகியின் கல்யாணப் பத்திரிகையை முந்தின நாள்தான் வாங்கிப் போயிருந்தார். பத்திரிகைக் கட்டை மேசையில் வைத்தார். குடையை மடக்கினார். மேலே இருந்த ஓர் அட்டையை மட்டும் எடுத்து நீட்டினார்.

"இது ஆற்ற பேர்?"

சீனி முகம்மது கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "உங்க பேருதாங்க ஐயா."

"என்ர பேரில்லை. சிறிஸ்கந்தராஜா எண்டு இந்தப் பினாங்கில ஒருத்தரும் இல்லை. அம்பது வருசமா ஸ்ரீ போட்டுக் கையெழுத்து வைச்ச என்னை, ஒரே நாளில சிறிசாக்கிப் போட்டியள். எழுத்தைக் குறைச்சது ஆர்?"

சீனி முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பீட்டரைக் கண்ணால் காட்டினார்.

பீட்டர் எழுந்து நின்றார். "ஐயா, மிசின்ல எடம் பத்தலே. ரெண்டும் ஒரே சத்தம்தானேன்னு..."

"உம்மட பேர் என்ன?"

"பீட்டர்."

"பிட்டர் எண்டு அடிக்கட்டோ? மேல ஒரு சுழி மிச்சம். உம்மட மிசினுக்கும் சந்தோசம்."

அச்சுக்காரப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி வீட்டாரிட கையில இதைக் குடுக்கேலாது, தம்பி. திங்கட்கிழமை தபாலில போடவேணும்," என்றார். சொல்லும்போது கோபம் போய்விட்டிருந்தது; கவலை மட்டும்தான் இருந்தது. அதுதான் பீட்டரைச் சுட்டது. எத்தனையோ வரிகளை அடித்திருக்கிறார். அடித்துப் போட்ட ஒன்று குடையோடு எழுந்து வந்து எதிரே நின்றது இதுதான் முதல் தடவை.

அன்று முழுக்க 'ஸ்ரீ'க்கு இடம் தேடினார். பழைய இயந்திரத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் இன்னோர் எழுத்து வெளியே போக வேண்டும். "ஔவை எடுத்துடலாமா அண்ணே? ஔ யாருக்கு வேணும்?" என்றார்.

"நாளைக்கு ஔவைன்னு பேரு வச்ச பொண்ணுக்குக் கல்யாணம் வந்தா? அவங்க அப்பாவும் குடையோட வருவாரு," என்றார் சீனி முகம்மது.

பீட்டர் 'ஔ'வைத் தொடாமல், கணக்கு நிரலின் இடத்தில் கொஞ்சம் கிள்ளிப் பார்த்தார். மாலையில் 'ஸ்ரீ' திரையில் வந்தது. கூடவே சம்பளக் கணக்கு நின்றுபோனது. சம்பளக் கணக்கைச் சரிசெய்தார். 'ஸ்ரீ' காணாமல்போனது. சீனி முகம்மது தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி வீட்டுக்கு அனுப்பினார்.

மீனும் இல்லாமல் போனும் இல்லாமல் வந்த புருஷனைப் பார்த்ததுமே ஆலிஸுக்குத் தெரிந்துவிட்டது. நடந்ததையெல்லாம் கேட்டார். 'பிட்டர்' வந்த இடத்தில் மட்டும் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு எழுத்துக்கு எவ்ளோ எடம் வேணும்?"

"ஒரு கே கூட ஆவாது."

"எங்க லைன்ல தெனம் தரையில கூட்டித் தள்ளுறதே அதவிட எவ்வளவோ ஜாஸ்தி," என்றார் ஆலிஸ். சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நீங்க கப்பல் கம்பெனியில கொறைச்சதெல்லாம் சரிதாங்க. அப்ப வேற வழி இல்லே. இப்ப எடம் இருக்கு. இருந்தும் ஒரு மனுசரு பேரை வெட்டிட்டு வந்து நிக்கிறீங்க."

பீட்டர் கையைக் கழுவ எழுந்தார். சாப்பாட்டு மேசைச் சண்டையில் அவர் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை கொம்தார் கடை திறக்கும்போது பீட்டர் வாசலில் நின்றார். வாசு அதைப் பெரிதுபடுத்தாமல், "மொதல்ல ஓட்டிப் பாருங்க அண்ணே, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்று கடையில் காட்சிக்கு வைத்திருந்த இயந்திரத்தையே கழற்றிக் கொடுத்தார். ஒரு சைக்கிள் டிரைஷா பிடித்தார்கள். பெரிய திரை பீட்டரின் மடியில் உட்கார்ந்தது. வழியில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொண்டார். கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டு அண்டா போகிறது என்று நினைத்து, டிரைஷாக்காரர் பள்ளம் மேடு பார்த்துப் பதமாக மிதித்தார்.

தமிழ் எழுத்துகளை வாசு ஒரு டிஸ்கில் கொடுத்திருந்தார். அச்சகத்தில் அதை ஏற்றி, சீனி முகம்மது ஒவ்வொரு விசையாகத் தேடி அழுத்தினார். ஸ்ரீ வந்தது. கொம்பும் சுழியும் ஒன்றும் குறையாமல், வழுவழுவென்று வளைந்து வந்தது. பெரிதாக்கினார்கள். திரை முழுக்க ஒரே ஒரு ஸ்ரீ. ஓரத்தில் ஒரு புள்ளிகூடப் பிசிறவில்லை. கட்டம் போட்ட தாளில் மாதக்கணக்கில் புள்ளி வைத்த பீட்டர், மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தார். "அழகா இருக்கு லா," என்று அவர் வாயிலிருந்து வந்தது.

சும்மா இருக்க முடியவில்லை. இந்த எழுத்துகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று உள்ளே நுழைந்து துழாவினார். சிறிது நேரத்தில் துள்ளி எழுந்தார்.

"பார்த்தீங்களா அண்ணே! தமிழுக்கு இத்துனூண்டு எடம் போதும்! எல்லா எழுத்தும் இதுலயே இருக்கு. மீதி மொத்தத்தையும் இந்த விண்டோஸ் சும்மா திங்குது!"

"திங்கட்டும் தம்பி. அவரு பேரு சரியா இருக்கான்னு பாரு."

பேர் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அச்சகத்தைத் திறந்து புதிதாக அடித்தார்கள். திங்கட்கிழமை காலை ஸ்ரீஸ்கந்தராஜா வந்து அட்டையைக் கையில் வாங்கினார். கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை பார்த்தார். "இப்ப இது நான்," என்றார். கட்டிலிருந்து முதல் பத்திரிகையை உருவி, இரண்டு கையாலும் பீட்டரிடம் நீட்டினார். "குடும்பத்தோட வரவேணும், பீட்டர்." அந்தப் 'பீ'யைக் கொஞ்சம் கூடுதலாகவே நீட்டிச் சொன்னார். கல்யாணத்தில் ஆலிஸ் அவரைக் கண்டுபிடித்து, புருஷனுக்கு நல்ல பாடம் என்று நன்றி சொன்னதும், பெரியவர் இருவரையும் முன்வரிசையில் உட்காரவைத்ததும் தனிக் கதை.

சீனி முகம்மது அந்த இயந்திரத்தையே வைத்துக்கொண்டார். அதற்கேற்ற கணக்கு நிரலை எழுதும் வேலை பீட்டருக்கே வந்தது. அச்சகத்து இயந்திரத்திலேயே உட்கார்ந்து விண்டோஸுக்கு எழுதக் கற்றுக்கொண்டார். கலரும் போட்டுக் கொடுத்ததில், மாக் மண்டின் பட்டறைக்காரர் விலகும் பேச்சை விட்டார். கோப்பிக் கடையில் சிவப்புப் பென்சிலுக்கு இன்னும் ஓய்வில்லை. பொத்தானுக்கு எதற்கு நிழல் என்று யாரைக் கண்டாலும் இன்னும் கேட்கிறார். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மனிதர் பேர் வருகிற இடத்தில் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். "அது எவ்ளோ வேணும்னாலும் திங்கட்டும்," என்கிறார்.

வீட்டுக் கணினிக்கு மட்டும் புது நினைவகம் வாங்க மனம் வராமல் பல மாதம் இழுத்தடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒன்றும் சொல்லாமல் கொம்தார் பக்கம் நடந்தார். ஆலிஸும் ஒன்றும் கேட்காமல் கூடவே போனார். வீட்டுக்கு வந்து இயந்திரத்தின் மூடியைக் கழற்றியபோது, ஆலிஸ் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"இத்தனை வருசமா செய்றேன். இது எங்க போய் உக்காருதுன்னு ஒரு நாளும் பார்த்ததில்லே."

பீட்டர் நினைவகப் பட்டையை அவர் கையில் கொடுத்தார். ஆலிஸ் அதை வெளிச்சத்தில் சாய்த்து, சில்லுகளின்மேல் பொடியாக அடித்திருந்த எழுத்தைப் படித்தார். "எங்க கம்பெனி இல்லே. பக்கத்துக் கம்பெனி. பரவால்லே லா." பீட்டர் காட்டிய இடத்தில் இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். க்ளிக்கென்று உட்கார்ந்தது.

பீட்டர் விசையைப் போட்டார். இந்த இயந்திரங்கள் கண் விழித்ததும் தம்மிடம் எவ்வளவு நினைவகம் இருக்கிறதென்று முதலில் எண்ணிப் பார்க்கும். கறுப்புத் திரையின் மூலையில் எண்கள் ஏறிக்கொண்டே போகும். அவசரக்காரர்கள் ஒரு பொத்தானை அழுத்தி அதைத் தாண்டிவிடுவார்கள். பீட்டரின் விரலும் அந்தப் பொத்தானுக்குப் போயிற்று. பக்கத்தில் ஆலிஸ் குனிந்து, உதடு அசைய, ஏறும் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். பீட்டர் விரலை எடுத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு, எண்ணி முடியட்டும் என்று நின்றார்.